பறிக்கப்படும் கவனம்: லாத்தாவும் திடுக்கிடும் அனிச்சையும்

கோல சிலாங்கூர், தஞ்சோங் காராங், சபாக் பெர்ணம் வட்டாரத்தில் வளர்ந்தவர்களுக்கு லாத்தா என்றால் என்னவென்று விளக்க வேண்டியதில்லை. பாசார் மாலாமில், அதாவது இரவுச் சந்தையில், பலகாரம் விற்கும் ஒரு மலாய் மக்சிக்கின் பின்னால் எவனாவது ஓசைப்படாமல் வந்து இடுப்பில் குத்துவான். இல்லாவிட்டால் காதருகே கையைத் தட்டுவான். அந்த அம்மாள் தூக்கிவாரிப் போட்டுத் துள்ளுவார். சாதாரண வேளையில் நாவில் வராத கெட்ட வார்த்தை வாயிலிருந்து கொட்டும். எதிரில் நிற்பவன் கையைத் தூக்கினால் அவரும் தூக்குவார். அவன் ஆடினால் அவரும் ஆடுவார். கூட்டம் சிரிக்கும். சில விநாடியில் தன்னிலைக்கு வந்து, முகம் சிவந்து, அவரும் சேர்ந்து சிரிப்பார். தோட்டத்திலிருந்து சாமான் வாங்கப் போன நம் தமிழர்களும் அந்தக் கூட்டத்தில் நின்றிருக்கிறார்கள். அண்மைக் காலமாக இதைக் கைப்பேசியில் படமெடுத்துப் பரப்புவதும் சேர்ந்துகொண்டது.

வேடிக்கையாகத் தோன்றும் அந்தச் சில விநாடிகளுக்குள் நடப்பதைத்தான் உளவியலும் நரம்பியலும் ஏறத்தாழ நூறாண்டுகளாக அளந்து வருகின்றன. எதிர்பாராத ஓசையோ தொடுகையோ ஒருவரது கவனத்தை முழுவதுமாகப் பிடுங்கிக்கொள்கிறது. அது திரும்பி வரும்வரை அவர் கண்ணும் காதும் வாங்குகிற செய்தி ஒழுங்காக அலசப்படுவதில்லை. அந்த இடைவெளியில் ஒரு மனிதர் தற்காப்பு இல்லாதவர். லாத்தாவைப் பற்றியும், தோட்ட வேலையில் நேரும் விபத்துகளைப் பற்றியும், வகுப்பறைப் பிரம்பைப் பற்றியும் பேசுகிறவர்கள் இந்த இடைவெளியிலிருந்து தொடங்க வேண்டும் என்பது என் கருத்து.

லாத்தாவைப் பதிவுசெய்ததில் சிலாங்கூருக்குப் பழைய பங்கு உண்டு. 1874-இல் பிரிட்டிஷ் அதிகாரி பிராங்க் சுவெட்டன்ஹாம் சிலாங்கூர் சுல்தானுக்கு அருகில் தங்கியிருக்கும்படி லங்காட்டுக்கு அனுப்பப்பட்டார். பின்னர் 1882 முதல் இதே மாநிலத்தின் ரெசிடெண்டாக இருந்தவர் அவர். 1895-இல் வெளிவந்த ‘மலாய் ஸ்கெட்சஸ்’ நூலில் லாத்தாவுக்கென்றே ஓர் அத்தியாயம் எழுதியிருக்கிறார். லங்காட்டில் அவரோடு இருந்த காவலர்களில் இருவருக்கு லாத்தா. அவர்கள் முன்னால் ஒரு விரலை உயர்த்தினாலோ, பெயரைச் சற்று அழுத்திக் கூப்பிட்டாலோ, கிட்ட நின்று முகத்தை உற்றுப் பார்த்தாலோ போதுமாம். தன்வசம் இழந்து, சொன்னதையும் சைகை காட்டியதையும் அப்படியே செய்துவிடுவார்களாம். பெரிய சத்தம்கூட வேண்டியிருக்கவில்லை. கவனத்தைச் சட்டென்று இழுத்தாலே அவர்கள் ஆட்பட்டுவிட்டார்கள் என்பதை மருத்துவர் அல்லாத ஒரு நிர்வாகி நுணுக்கமாகக் கண்டு எழுதிவைத்திருக்கிறார். அடுத்து 1897-இல் மருத்துவர் கில்மோர் எல்லிஸ் இதை மலாய்க்காரர்களின் மனநோய் என்று தலைப்பிட்டே எழுதினார். கோலாலம்பூர் மனநல விடுதியில் அரிசியையும் பெரிபெரி நோயையும் தொடர்புபடுத்திப் பெயர்பெற்ற வில்லியம் ஃபிளெட்சர் 1908-இல் ‘லான்செட்’ இதழில் லாத்தாவும் குற்றமும் பற்றி எழுதினார். தன்வசம் இழந்த நொடியில் ஒருவர் செய்த காரியத்துக்கு அவரைப் பொறுப்பாளியாக்கலாமா என்ற கேள்வி இந்த மண்ணில் அவ்வளவு பழையது.

இனி உடம்புக்கு வருவோம். கார்னி லாண்டிஸ், வில்லியம் ஹண்ட் என்ற இரு அமெரிக்க உளவியலாளர்கள் துப்பாக்கி வெடிக்கும்போது மனிதர் உடம்பு என்ன செய்கிறது என்பதை அதிவேகப் படக்கருவியில் பிடித்து, 1939-இல் நூலாக வெளியிட்டார்கள். முதலில் கண் இறுக மூடுகிறது. வாய் பக்கவாட்டில் இழுபடுகிறது. தலை முன்னே தள்ளுகிறது, தோள் உயர்கிறது, முழங்கை மடிகிறது, விரல்கள் சுருள்கின்றன, வயிறு இறுகுகிறது, முழங்கால் தளர்ந்து மடிகிறது. எல்லாம் அரை விநாடியில் முடிந்துவிடும். திரும்பத் திரும்ப வெடித்தால் மற்ற அசைவுகள் குறைந்துகொண்டே போகும். கண்ணிமைத் துடிப்பு மட்டும் போகாது. துப்பாக்கி சுட்டுப் பழகிய போலீஸ்காரர்களுக்கும் அது போகவில்லை.

இத்தனை வேகத்துக்குக் காரணம் பாதையின் குறுக்கம். காதிலிருந்து கிளம்பும் செய்தி மூளைத்தண்டில் உள்ள ஒரு சிறு நரம்புக் கூட்டத்தைத் தொட்டுவிட்டு அங்கிருந்தே முதுகுத்தண்டுக்கு இறங்கிவிடுகிறது. 1982-இல் மைக்கேல் டேவிஸும் அவர் குழுவினரும் எலிகளில் இந்தச் சுற்றைப் படிப்படியாகத் தொடர்ந்து காட்டினார்கள். மனிதரில் சத்தம் எழுந்து 30 முதல் 50 மில்லிவிநாடிக்குள் கண்ணிமைத் தசை இயங்கிவிடுகிறது. கழுத்தும் கையும் காலும் பின்தொடர்கின்றன. அதே சத்தம் கேட்டதும் வேண்டுமென்றே ஒரு பொத்தானை அழுத்தச் சொன்னால் ஏறத்தாழ 150 மில்லிவிநாடி ஆகும். ‘என்ன சத்தம்?’ என்று மனம் கேட்பதற்குள் உடம்பு மடங்கி முடிந்திருக்கும்.

மன உறுதியால் இதைத் தடுக்க முடியுமா என்பதைச் சார்லஸ் டார்வின் தன்மீதே சோதித்துப் பார்த்தார். லண்டன் விலங்குக்காட்சியகத்தில் ஒரு நச்சுப் பாம்பின் கண்ணாடிப் பெட்டியருகே முகத்தை வைத்துக்கொண்டு, அது சீறிப் பாய்ந்தாலும் பின்வாங்குவதில்லை என்று தீர்மானித்து நின்றார். பாம்பு கண்ணாடியில் மோதிய மாத்திரத்தில் ஓரிரு கஜம் பின்னால் துள்ளியிருந்தார். 1872-இல் உணர்ச்சி வெளிப்பாடு பற்றி வெளியிட்ட நூலில் அவரே இதைச் சொல்கிறார். 1985-இல் பால் எக்மனும் வாலஸ் பிரீசனும் ரொனால்ட் சைமன்ஸும் எந்த நொடியில் வெடிக்கும் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டுத் துப்பாக்கியை வெடித்துப் பார்த்தார்கள். திடுக்கீடு குறைந்தது, ஆனால் மறையவில்லை. ‘பயந்தாங்கொள்ளி’ என்று ஒருவரைக் கேலி செய்யுமுன் இந்த இரண்டு சோதனைகளையும் நினைத்துக்கொள்ளலாம்.

திடுக்கிடுவது ஒன்று, திரும்பிப் பார்ப்பது இன்னொன்று. மரத்தடியில் மெல்லிய சரசரப்பு கேட்டால் நாம் அசையாமல் நின்று செவிசாய்க்கிறோம். இதயத் துடிப்புகூடச் சற்று மெதுவாகிறது. ரஷ்ய அறிஞர் சோகொலோவ் விரிவாக ஆராய்ந்த இந்த அனிச்சை செய்தியை உள்ளே வரவேற்கிறது. திடுக்கீடு நேரெதிர். கண்ணை மூடி, உடம்பைச் சுருக்கி, இதயத்தை விரைவாக்கி, உள்ளே வருவதைத் தள்ளிவிடுகிறது. இவ்விரண்டுக்கும் உள்ள உறவை 1975-இல் பிரான்சிஸ் கிரகாம் அழகாக எடுத்துக்காட்டினார். திடுக்கிடச் செய்யும் பெருஞ்சத்தத்துக்கு ஏறத்தாழ பத்தில் ஒரு விநாடி முன்னால், யாரையும் திடுக்கிட வைக்காத ஒரு சிற்றொலியை எழுப்பினால் பின்வரும் திடுக்கீடு வெகுவாகத் தணிந்துபோகிறது. மூளை அந்தச் சிற்றொலியை வாங்கி அலசிக்கொண்டிருக்கிறது. அந்த வேலை கெடாதபடி அடுத்த சத்தத்துக்குச் சிறிது நேரம் வாசலைச் சாத்திவைக்கிறது என்பது அவர் தந்த விளக்கம். 1990-களில் ஃபிலியன், டாசன், ஷெல் ஆகியோர் ஒரு படி மேலே போனார்கள். இரண்டு சிற்றொலிகளில் ஒன்றை மட்டும் கவனிக்கச் சொன்னார்கள். கவனித்த ஒலிக்குப் பின் வந்த திடுக்கீடு கூடுதலாகத் தணிந்திருந்தது. அப்படியானால் அந்த வாசல் தானாக இயங்கினாலும் கவனத்துக்குக் கொஞ்சம் கட்டுப்படுகிறது. மனச்சிதைவு நோயாளிகளில் இந்தத் தணிப்பு பலவீனமாக இருப்பதை டேவிட் பிராஃப் குழு 1978-இலேயே கண்டிருந்தது; வேண்டாத ஒலியும் காட்சியும் உள்ளே வெள்ளமாகப் புகுவதாக நோயாளிகள் படும் அவதியை விளங்கிக்கொள்ள அது ஒரு தடயம் ஆனது.

நம் அன்றாடத்தை நேரடியாகத் தொடுவது திடுக்கீட்டுக்குப் பிந்திய நேரம். உடம்பு அரை விநாடியில் நிமிர்ந்துவிடுகிறது, அறிவு அவ்வளவு சீக்கிரம் நிமிர்வதில்லை. 1950-களின் இறுதியில் இங்கிலாந்தில் உட்ஹெட் என்ற ஆய்வாளர், ஓடிக்கொண்டிருக்கும் குறிகளைப் பார்த்து ஒப்பிட்டுத் தீர்மானிக்கும் வேலையில் ஆட்களை அமர்த்தி, இடையே திடீரென்று பெருஞ்சத்தத்தை எழுப்பினார். பிழைகள் உடனே கூடின. ஏறத்தாழ அரை நிமிடம்வரை அந்தப் பாதிப்பு நீடித்தது. 1970-இல் அமெரிக்க விமானத் துறை ஆய்வாளர்கள் தாக்ரேயும் டச்ஸ்டோனும் கையால் ஒரு புள்ளியைத் தொடரும் வேலையில் இதே சோதனையைச் செய்தார்கள். கைத் தடுமாற்றம் முதல் சில விநாடிகளில்தான் மோசம். பிறகு கை சமாளித்துக்கொள்கிறது. எண்ணிக் கணித்துத் தீர்மானிக்கிற பகுதி மீள்வதற்குத்தான் நேரம் பிடிக்கிறது. 2009 ஜூன் 1-ஆம் நாள் அட்லாண்டிக் கடலில் விழுந்து 228 பேரைப் பலிகொண்ட ஏர் பிரான்ஸ் 447 விமானத்தைப் பற்றிய பிரெஞ்சு விசாரணை அறிக்கை, தானியங்கி திடீரென்று விலகியபோது விமானிகளுக்கு ஏற்பட்ட திடுக்கீட்டைப் பற்றியும் பேசியது. அதற்குப்பின் உலகெங்கும் விமானிப் பயிற்சியில் இது ஒரு பாடமாகிவிட்டது. செம்பனைத் தோட்டப் பயிற்சியிலும் இது பாடமாக வேண்டும் என்று நினைக்கிறேன்.

காரணத்தைச் சொல்கிறேன், பழைய ரப்பர் தோட்டங்களிலிருந்து தொடங்கி. பால்மரம் விடியலுக்கு முன் வெட்டினால்தான் பால் நன்றாக ஓடும். அதனால் புக்கிட் ரோத்தான், ஈஜோக், பத்தாங் பெர்சுந்தை வட்டாரத்துத் தோட்டங்களில் மூன்று தலைமுறைத் தமிழர்கள் இருட்டில், நெற்றி விளக்கோடு, தனித்தனி நிரைகளில் மரம் வெட்டினார்கள். பாம்பும் காட்டுப்பன்றியும் குளவியும் அதே இருட்டில் இருந்தன. அமெரிக்காவில் கிறிஸ்டியன் கிரியோன் குழுவினர் 1997-இல் வெளியிட்ட ஆய்வு, ஒரே சத்தத்துக்கு மனிதர்கள் வெளிச்சத்தைவிட இருட்டில் அதிகமாகத் திடுக்கிடுகிறார்கள் என்று காட்டியது. அச்சமும் அப்படித்தான். 1951-இல் பிரவுன், காலிஷ், ஃபார்பர் ஆகியோர் ஒரு விளக்கொளியை மின்னதிர்ச்சியோடு சேர்த்து எலிகளுக்குப் பழக்கினார்கள். பிறகு அந்த விளக்கு எரியும்போது சாதாரணச் சத்தத்துக்கே அவை பெரிதாகத் துள்ளின. மூளையின் அமிக்டலா பகுதி இந்த அச்சத்தைத் திடுக்கீட்டுச் சுற்றோடு இணைப்பதைப் பிற்காலத்தில் டேவிஸ் காட்டினார். எலியிலிருந்து மனிதருக்கு, அதிலும் ஒரு தோட்டத்து மனிதருக்கு, தாவுவது எச்சரிக்கையாகச் செய்ய வேண்டிய காரியம். ஆனாலும், பெரட்டு எனும் விடியற்கால ஆள் கணக்கெடுப்பில் அதட்டலோடு நாளைத் தொடங்கி, எந்த நேரமும் மேற்பார்வை பார்க்கும் தண்டல் பின்னால் வந்து நிற்கலாம் என்ற அச்சத்தோடு இருட்டில் கத்தி பிடித்தவரின் நரம்புகள் எப்படி இருந்திருக்கும் என்பதை ஊகிக்க இந்த இரண்டு ஆய்வுகளும் போதுமானவை.

இன்று அந்தத் தோட்டங்களில் பெரும்பகுதி செம்பனை. வேலை செய்பவர்களில் பலர் வங்கதேசத்தவர், இந்தோனேசியர். நீண்ட கழியின் முனையில் அரிவாளைக் கட்டி, அண்ணாந்து பார்த்து, தலைக்கு மேலே பல அடி உயரத்தில் உள்ள குலையை அறுக்கிறார்கள். முற்றிய குலை 15, 20 கிலோ இருக்கும். எலிக்காக வரும் நாகம் வெட்டிப்போட்ட மட்டை அடுக்குகளில் தங்கும். கழி உயர்ந்திருக்கும் நேரத்தில் காலடியில் ஓர் அசைவோ முதுகுக்குப் பின்னால் ஓர் அலறலோ வந்தால், முதல் நொடியில் முழங்கை மடிகிறது, கண் மூடுகிறது. அடுத்த அரை நிமிடத்துக்கு எந்தப் பக்கம் விலகுவது என்ற முடிவு தடுமாறக்கூடும். தலைக்கவசம் கொடுப்பது சரிதான். வேலை செய்கிறவரை எப்படி அணுகுவது என்பதற்கும் ஒரு முறை வேண்டும்: தொலைவிலிருந்தே குரல் கொடுத்து, கண்ணில் பட்ட பிறகு கிட்டே போவது; கழி இறங்கும்வரை ஆணை எதுவும் இடாமல் இருப்பது; பாம்பைக் கண்டு திடுக்கிட்டவரை உடனே மறுபடி கழியைத் தூக்கச் சொல்லாமல், சற்று நிற்க விடுவது. ஒரு காசு செலவில்லாத ஏற்பாடு.

தோட்டத் தமிழ்ப்பள்ளிகளில் மேசைமேல் பிரம்பைப் பளீரென்று அடித்து வகுப்பை அடக்குவதைப் பார்த்தவர்கள் நம்மில் ஏராளம். வகுப்பு அடங்கும், உண்மை. ஆனால் வாய்ப்பாட்டைக் கேட்கத் தயாரான காது அந்த அடியில் மூடிக்கொள்கிறது. பெரியவர்கள் மேல் செய்த சோதனைகளை வைத்துச் சொல்வதானால், அடுத்து ஆசிரியர் சொல்லும் முதல் சில வாக்கியங்கள் வீண். மெல்லப் பேசத் தொடங்கிக் குழந்தைகளைச் செவிசாய்க்க வைத்த ஆசிரியர்களும் அதே பள்ளிகளில் இருந்தார்கள். அவர்கள் சோகொலோவைப் படித்தவர்கள் அல்லர்; அவருடைய அனிச்சையைச் சரியாகப் பயன்படுத்தியவர்கள்.

குழந்தையென்றதும் ஒரு சிறு குறிப்பு. ஏணையில் கிடக்கும் கைக்குழந்தை தலை சற்றே சரிந்தாலோ சத்தம் கேட்டாலோ இரு கையையும் விரித்து உதறி அழுவதைக் கண்டு, பயந்துகொண்டது என்று திருநீறு போடுவது நம் வழக்கம். எர்ன்ஸ்ட் மோரோ என்ற குழந்தை மருத்துவர் 1918-இல் விவரித்த இந்த அனிச்சை நாலைந்து மாதத்தில் தானே அடங்கிவிடும். திருநீறு போடுவதால் கேடில்லை. ஆனால் மூக்கு நுனியைத் தட்டினால்கூட ஒவ்வொரு முறையும் தவறாமல் விதிர்த்து, உடம்பு கட்டையாக விறைக்கும் குழந்தையை மருத்துவரிடம் கொண்டுபோக வேண்டும். அபூர்வமான பரம்பரைக் கோளாறு ஒன்று அப்படித் தொடங்குகிறது. அதற்குக் காரணமான மரபணுக்களில் முக்கியமான ஒன்றை 1993-இல் கண்டுபிடித்தார்கள். மருந்தும் உண்டு.

இனி லாத்தாவுக்குத் திரும்பலாம். அறிஞர்கள் இதில் நெடுங்காலம் சண்டையிட்டிருக்கிறார்கள். 1968-இல் மானுடவியலாளர் ஹில்ட்ரெட் கீர்ட்ஸ் ஒரு புதிரை முன்வைத்தார்: ஜாவானியப் பண்பாட்டுக்கென்றே வார்த்தெடுத்ததுபோல் தோன்றும் லாத்தா, அதனோடு தொடர்பே இல்லாத இடங்களிலும் தென்படுவது எப்படி? அமெரிக்காவின் மேய்ன் மாநிலத்து மரம்வெட்டிகளிடம் இதே துள்ளலையும் ஏவியதைச் செய்தலையும் ஜார்ஜ் பியர்ட் 1880-இல் எழுதியிருந்தார். சைபீரியாவிலும் இதே போன்ற நிலை பதிவாகியிருந்தது. மைக்கேல் கென்னி 1978-இல், இது நோயே அல்ல, சமூகத்தில் தாழ்ந்த இடத்தில் உள்ளவர்கள் எடுத்துக்கொள்ளும் ஒரு குறியீட்டு வேடம் என்றார். மலாக்காப் பக்கத்தில் களப்பணி செய்து படமும் எடுத்த, முன்பு சொன்ன ரொனால்ட் சைமன்ஸ் 1980-இல் அதை மறுத்தார். திடுக்கிடும் அனிச்சை எல்லா மனிதருக்கும் பொது. எல்லா ஊரிலும் சிலர் மற்றவர்களைவிட எளிதில் திடுக்கிடுகிறார்கள். சில ஊர்களில் சுற்றியிருப்பவர்கள் அவர்களை ஓயாமல் சீண்டிச் சீண்டி அந்த இயல்பை லாத்தாவாக வளர்த்துவிடுகிறார்கள் என்பது அவர் வாதம்.

சைமன்ஸ் லாத்தாவை மூன்றாகப் பிரித்தார். திடுக்கிட்டுத் துள்ளி, வாய்தவறி ஏதோ சொல்வதோடு முடிவது ஒன்று. திடுக்கீட்டுக்குப் பின் கவனம் எதிரில் உள்ள ஓர் அசைவிலோ சொல்லிலோ பூட்டிக்கொள்ள, அதையே செய்துகொண்டும் சொல்லிக்கொண்டும் இருப்பது அடுத்தது. ஊரார் எதிர்பார்ப்புக்கு ஏற்ப ஓரளவு நடித்துக் காட்டுவது மூன்றாவது. நான் முக்கியமாகக் கருதுவது இரண்டாவதை. சுவெட்டன்ஹாம் லங்காட்டில் கண்டது இதைத்தான். கவனம் முழுக்கப் பறிபோன நொடியில், எதிரே இருக்கும் ஒரே ஒரு செய்தி மட்டும் உள்ளே நுழைந்து நேரே கைகால்களுக்குப் போய்விடுகிறது. ‘செய்யலாமா, கூடாதா’ என்று பார்க்கிற இடம் ஆளில்லாமல் கிடக்கிறது. பார்சிலோனாவின் ஜோசப் வால்ஸ்-சோலே குழுவினர் 1990-களில் செய்த சோதனை இங்கே பொருந்துகிறது என்பது என் ஊகம். ஓர் அசைவைச் செய்ய ஆயத்தமாக இருப்பவருக்குச் சமிக்ஞையோடு பெருஞ்சத்தத்தையும் சேர்த்துக் கொடுத்தால், அசைவு வழக்கமான நேரத்தில் ஏறத்தாழ பாதியிலேயே வெளியே வந்துவிடுகிறது. பல ஆண்டுகள் சீண்டப்பட்ட ஒருவரின் நாவில் அந்தக் கெட்ட வார்த்தை எப்போதும் ஆயத்தமாக நிற்கிறதோ என்னவோ.

நடிப்பு என்று தள்ளிவிடுகிறவர்களுக்கு 2013-இல் வெளிவந்த ஓர் ஆய்வு பதில் சொல்கிறது. இந்தோனேசியாவில் லாத்தா உள்ள 12 பெண்களையும் இல்லாத 12 பெண்களையும் டச்சு, இந்தோனேசிய நரம்பியலாளர்கள் தசை மின்பதிவுக் கருவியோடு சோதித்தார்கள். முன்பு சொன்ன பரம்பரைத் திடுக்கீட்டுக் கோளாறோடு லாத்தாவைச் சேர்க்காமல், நரம்பும் மனமும் கலந்த திடுக்கீட்டு நோய்க்குறிகளில் ஒன்றாக வகைப்படுத்தினார்கள். அதே 2013-இல் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் கையேடு தன் ஐந்தாம் பதிப்பில் பண்பாடு சார்ந்த நோய்க்குறிப் பட்டியலைச் சுருக்கியபோது, 1994 பதிப்பில் இருந்த லாத்தாவை விட்டுவிட்டது. பட்டியலில் பெயர் இல்லாததால் சபாக் பெர்ணம் சந்தையில் நிற்கும் ஒரு மூதாட்டியின் தவிப்பு குறைந்துவிடாது.

கென்னியின் வாதத்திலும் நான் எடுத்துக்கொள்ள வேண்டியது ஒன்று இருக்கிறது. சீண்டப்படுபவர்கள் பெரும்பாலும் ஏழைகள், வயதான பெண்கள், திருப்பிக் கேட்க முடியாதவர்கள். தலைவரையோ துரையையோ யாரும் பின்னால் நின்று இடுப்பில் குத்துவதில்லை. நம் லயங்களிலும் தொட்டால் துள்ளுகிற அத்தைகளும் பாட்டிகளும் இருந்தார்கள். அவர்களைத் துள்ளவைத்துச் சிரித்தவர்கள் மலாய்க்காரர்கள் அல்லர், நாம்தான். அனிச்சை எல்லாருக்கும் பொதுவாக இருக்கும்போது, அதை வேடிக்கையாக்கும் உரிமையை மட்டும் வலுத்தவர்கள் எடுத்துக்கொள்கிறார்கள். கொதிக்கும் எண்ணெய்ச் சட்டிக்கு முன்னால் நிற்பவரை, கையில் குழந்தை ஏந்தியவரை, சாலையோரம் நடப்பவரைத் திடுக்கிட வைத்தால் அடுத்து நடப்பதற்கு அவர் பொறுப்பாளி ஆகமாட்டார்.

எனவே வாசகரிடம் கேட்பது இவ்வளவுதான். பாசார் மாலாமிலோ கல்யாண வீட்டுச் சமையற்கட்டிலோ யாரையாவது திடுக்கிட வைக்க ஒருவன் மெல்ல நகர்வதைப் பார்த்தால் அவன் கையைப் பிடித்து நிறுத்துங்கள். அப்படிப்பட்ட காணொளி கைப்பேசிக்கு வந்தால் அடுத்தவருக்கு அனுப்பாதீர்கள். உங்கள் வீட்டில் எளிதில் திடுக்கிடும் ஒருவர் இருந்தால், அறைக்குள் நுழையுமுன் வாசலில் நின்றே அவர் பெயரைச் சொல்லிக் கூப்பிடுங்கள்.